குசுகுசுக்கத் தெரியாத செயலி

எனக்கு முகம் அம்மாவுடையது, வாய் அப்பாவுடையது. அம்மா மலேசியாவில் ஈப்போ ஊரில் சீன வம்சம். அப்பா அதே ஊரில் லாரி ஓட்டிய தமிழர். என்னைத் தமிழ்ப்பள்ளியில்தான் சேர்ப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்று சேர்த்தவர் அவர். இருந்தும் என் முகத்தைப் பார்க்கிற எவரும் எனக்குத் தமிழ் தெரியும் என்று நம்பமாட்டார்கள்.

நான் வேலை பார்க்கும் நிறுவனத்துக்கு இந்த முகமும் வாயும் சேர்ந்தே தேவைப்பட்டன. அங்கே கைப்பேசிக்கு ஒரு மொழிபெயர்ப்புச் செயலி செய்கிறார்கள். நாம் ஆங்கிலத்தில் பேசினால் அது தமிழில் பேசும். எதிரில் இருப்பவர் தமிழில் பேசினால் அதை நமக்கு ஆங்கிலத்தில் சொல்லும். தமிழே தெரியாத ஒரு பயணி அதை மட்டும் நம்பி மதுரையில் பிழைக்க முடியுமா என்று பார்த்து வர வேண்டும். போகிறவளுக்குத் தமிழ் தெரிந்திருந்தால்தான் அது உளறும் இடத்தைக் கையோடு பிடிக்கலாம். ஆனால் தெரியும் என்று யாரிடமும் காட்டிக்கொள்ளக் கூடாது. காட்டிவிட்டால் எல்லோரும் என்னிடம் நேராகப் பேசிவிடுவார்கள், செயலி பையிலேயே தூங்கும்.

நான் மூச்சு விடுகிற நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் பேசுகிறவள். என்னைப் போய் மதுரையில் வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொன்னால் எப்படி?

விமான நிலையத்துக்கு வெளியே முத்துப்பாண்டி தன் வெள்ளைக் காரோடு நின்றிருந்தார். மூன்று நாளும் அவர்தான் ஓட்டுநர். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த போனில் சொன்னார்: "மாப்ள, அப்பறம் பேசுறேன். சப்பான்காரி ஒண்ணு வந்துருக்கு. மூஞ்சியப் பாத்தா கோவக்காரி மாதிரி இருக்கு."

வந்த சிரிப்பை இருமலாக மாற்றினேன். செயலியை எடுத்து ஆங்கிலத்தில் ஒரு சாதாரண வணக்கம் சொன்னேன். அது செய்தி வாசிக்கிற குரலில், "வணக்கம். தங்களைச் சந்தித்ததில் பெருமகிழ்ச்சி அடைகிறேன்" என்றது. பாண்டி திரும்பித் தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார்.

ஊருக்குள் நுழைந்ததிலிருந்து என் கால் ஆடிக்கொண்டே இருந்தது. ஈப்போவில் ஒருவர் ஹாரன் அடித்தால் பக்கத்துக் காரில் இருப்பவர் வருத்தப்படுவார். இங்கே ஹாரன் அடிக்காவிட்டால்தான் என்னமோ ஏதோ என்று எட்டிப் பார்ப்பார்கள் போல. கோரிப்பாளையம் சந்திப்பில் எங்கள் காரின் மூக்கை ஒரு ஷேர் ஆட்டோ உரசியது. பாண்டி இறங்கினார், ஆட்டோக்காரர் இறங்கினார், நாலு பேர் கூடினார்கள். சண்டை வரும் என்று செயலியைத் தயாராக நீட்டினேன். "ஏண்ணே, கண்ணு தெரியலையா?" என்றார் பாண்டி. "வெயிலுண்ணே" என்றார் ஆட்டோக்காரர். அவ்வளவுதான். இருவரும் அவரவர் வண்டியில் ஏறிவிட்டார்கள். செயலி அப்போதுதான் முதல் வாக்கியத்தை மொழிபெயர்த்து முடித்தது.

மத்தியானம் தர்கா பக்கத்தில் ஒரு பாய் கடையில் சாப்பிட்டேன். எங்கள் ஊர் ரொட்டி சானாய் கொஞ்சம் இனிப்பாக, நாசூக்காக இருக்கும். இங்கே பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, சால்னாவை அதன் தலையில் கவிழ்த்து, "இன்னும் வைக்கவா?" என்று கேட்டுக்கொண்டே வைத்தும் விடுகிறார்கள். தின்று தீர்த்தேன். தின்ற கையோடு கழிவறைக்குப் போக வேண்டியிருந்தது. செயலியை வாய்க்குப் பக்கத்தில் பிடித்து, யாருக்கும் கேட்காதபடி மெல்லக் கேட்டேன். "கேட்கவில்லை. சற்று சத்தமாகப் பேசவும்" என்றது அது. கொஞ்சம் சத்தமாகக் கேட்டேன். உடனே கடை முழுக்கக் கேட்கும்படி, "கழிவறை எங்கே உள்ளது?" என்று அறிவித்தது.

பரோட்டாக் கல்லே நின்றுவிட்டது. கல்லாவில் இருந்த பாய், "யா அல்லா, புள்ளைக்கு அவசரமாம், வழி விடுங்கப்பா" என்றார். நாலைந்து பேர் பெஞ்சை நகர்த்தி வழிவிட்டார்கள். நான் அந்த வழியே தலைகுனிந்து நடந்தேன். அன்றைக்கு என் குறிப்பில் முதலில் எழுதியது இதுதான்: இதற்குக் குசுகுசுக்கத் தெரியவில்லை.

மறுநாள் வண்டியூர் தெப்பக்குளம். வெயில் தாழ்ந்ததும் ஊரே குளத்துச் சுவரில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. எனக்கு உட்கார முடியவில்லை. நாலு பக்கமும் நடந்து நடந்து, அகப்பட்டவர்களிடமெல்லாம் செயலியை நீட்டினேன். செயலியின் ஏற்பாடு என்னவென்றால், நான் பேசி முடித்ததும் ஒரு மணி அடிக்கும், அதற்குப் பிறகு அடுத்தவர் பேச வேண்டும். வேர்க்கடலை விற்ற அம்மாள் மணி அடிக்கிறவரை காத்திருக்கத் தயாராக இல்லை. நான் வாயைத் திறக்கும்போதே பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டார். அவர் சொன்னதை இரண்டு கல்லூரிப் பெண்கள் திருத்தினார்கள். திருத்தியது தப்பு என்று ஒரு பெரியவர் குறுக்கே வந்தார். "ஒருவர் மட்டும் பேசவும்" என்று செயலி கெஞ்சியது. "இது யாருடீ, எங்க கணக்கு வாத்தியார் மாதிரி பேசுது?" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். என்னால் சிரிக்கவும் முடியவில்லை, பதிலுக்கு ஒன்று எடுத்துவிடவும் முடியவில்லை. நாக்கு அரித்தது.

அன்று இருட்டுகிற நேரத்தில் பாண்டி தன் தங்கை தனத்தைக் காரில் ஏற்றிக்கொண்டார். அவள் கோரிப்பாளையத்தில் ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறவள். முப்பதைத் தாண்டியவள், களைப்பான கண், தெளிவான பேச்சு. வீடு ஒத்தக்கடைப் பக்கம். போகிற வழியில் டயர் பஞ்சர். பாண்டி ஜாக்கியை எடுத்துக்கொண்டு இறங்க, நாங்களும் இறங்கிப் பக்கத்தில் நின்றோம்.

"அண்ணே, நாளைக்கு மாப்ள வீட்டுக்குப் போறீகளே, மொத அதக் கேட்டுரு" என்றாள் தனம்.

"கேக்குறேன்டி."

"நீ கேக்க மாட்ட. மனுசங்களப் பாத்தா உனக்கு வாயி ஒட்டிக்கிரும். அவரோட அம்மா என்னையப் பொண்ணு பாக்க வந்தப்பவே, மாடு கன்னு நெறைய கெடக்கு, வேலைக்கெல்லாம் போயி என்னத்துக்குன்னு சாடையாச் சொல்லுச்சு. அவரு ஒரு வார்த்தை பேசல. பெரியக்கா டீச்சர் வேலைய விட்டுட்டுப் போயி இன்னைக்கு வரைக்கும் அழுகுது. நான் வேலைய விட மாட்டேன். அதுக்குச் சரின்னு அவுக வாயால சொன்னா எனக்கும் சரி. இல்லாட்டி இந்த இடமே வேணாம்."

பாண்டி நட்டை முடுக்குவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "சத்தியமா கேக்குறேன். கேட்டு, அவுக ஒத்துக்கிட்ட பொறவுதான் மத்த பேச்சு. போதுமா? இந்தம்மா நிக்கிதுல்ல, மெதுவாப் பேசு."

"அதுக்கு என்ன புரியப் போகுது?" என்றாள் தனம். என் பக்கம் திரும்பிச் சிரித்து, பையிலிருந்து ஒரு கொய்யாப்பழம் எடுத்துக் கொடுத்தாள்.

கொய்யாவைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு எல்லாம் புரிந்தது என்று எப்படிச் சொல்வது? அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்துப்போயிற்று. அதற்காகவாவது காதைப் பொத்திக்கொண்டிருக்கலாம் என்று தோன்றியது.

நாளை ஞாயிற்றுக்கிழமை கார் மேலூர்ப் பக்கம் போகிறது, விருப்பமிருந்தால் நீங்களும் வரலாம் என்று பாண்டி செயலியில் சொன்னார். குடும்ப விசேஷம் ஒன்றில் சோதிக்க வேண்டும் என்று நிறுவனமும் சொல்லியிருந்தது. உடனே தலையாட்டினேன்.

பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்கப் போகிற பயணம் அது. பெண் வரக் கூடாதாம். தனம் அம்மாவோடு வீட்டில் நின்றுகொண்டாள். காரில் பாண்டி, அவருடைய சின்னம்மா, நான். பின்னால் ஒரு வேனில் உறவுக்காரர்கள். "இவளை எதுக்குடா கூட்டியாந்த?" என்றார் சின்னம்மா, என் கன்னத்தைத் தட்டியபடியே. "விருந்தாளி சின்னம்மா. சும்மா ஓரமா உக்காந்துருக்கும்" என்றார் பாண்டி.

யானைமலை கூடவே கொஞ்ச தூரம் வந்து பிறகு பின்தங்கியது. இரண்டு பக்கமும் நெல். கருங்கல் பாளங்களை ஏற்றிய லாரிகள் எங்களைச் சாலையோரத்துக்குத் தள்ளிவிட்டுப் போயின. மேலூர் பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்க நிறுத்தினார்கள். நான் சர்க்கரை வேண்டாம் என்று செயலியில் கேட்டேன். அது சுத்தமான தமிழில் சொன்னது. டீக்கடைக்காரர் அதைக் கவனமாகக் கேட்டுவிட்டுச் சர்க்கரை போட்டார். "வெறுந் தண்ணியாட்டம் குடிச்சா நல்லாவா இருக்கும்?" என்றார். மொழிபெயர்ப்பில் தப்பே இல்லை.

மாப்பிள்ளை வீடு புதுசாகக் கட்டி, பச்சை வண்ணம் அடித்த வீடு. கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள். மாப்பிள்ளை வெள்ளைச் சட்டையில் ஒரு மூலையில், கைப்பேசியும் கையுமாக. அவருடைய அம்மா ஓடி ஓடி உபசரித்தார். பேச்சையெல்லாம் நடத்தியது தாய்மாமன். அவர் சிரித்தால் சுவர்க் கடிகாரம் ஆடியது.

தட்டுத் தட்டாகக் கேசரியும் உளுந்தவடையும் வந்தன. எங்கள் பக்கத்தில் ஒருவரும் தொடவில்லை. "இருக்கட்டும் மதினி, இப்பத்தான் மேலூர்ல டீ குடிச்சோம்" என்றார் சின்னம்மா. வேனில் வந்தவர்கள் தண்ணீர்ச் செம்பைக்கூடக் கையால் நகர்த்தி வைத்தார்கள். எங்கள் ஊரில் அப்பாவின் சொந்தக்காரர்கள் வீட்டுக்குப் போனாலும் இதே நாடகம் உண்டு. இரண்டு தடவை வேண்டாம் என்று சொல்லி, மூன்றாம் தடவை வெட்கப்பட்டுக்கொண்டே தின்போம். இவர்களும் மூன்றாம் தடவைக்குத்தான் காத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். காலையிலிருந்து அந்த டீயைத் தவிர எனக்கு ஒன்றும் உள்ளே போகவில்லை. வடை வேறு இப்போதுதான் எண்ணெயிலிருந்து எடுத்தது.

மாப்பிள்ளையின் அம்மா என்னிடம் வந்தார். "நீங்களாச்சும் சாப்புடுங்கம்மா." செயலி அதை எனக்குச் சொன்னது. நான் நன்றி சொன்னேன். "மிக்க நன்றி. மகிழ்ச்சியுடன் உண்கிறேன்" என்று அது கூடம் முழுக்க முழங்கியது. தட்டை வாங்கிக்கொண்டேன்.

பாண்டி பாய்ந்து வந்தார். "ஒரு நிமிசம் மேடம்" என்று என் மடியிலிருந்த கைப்பேசியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார். என்ன அவசரமோ என்று வடையைக் கடித்தேன். வாசலிலிருந்து செயலியின் குரல் மட்டும் கேட்டது: "கேட்கவில்லை. சற்று சத்தமாகப் பேசவும்." கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதே குரல், "சற்று சத்தமாகப் பேசவும்." அவர் கைப்பேசியும் கையுமாகத் திரும்பி வந்தபோது நான் பாதி வடையை முடித்திருந்தேன்.

தாய்மாமன் கையைத் தட்டினார். "அட, கை நனைச்சாச்சுப்பா! உங்க பக்கத்து ஆளு கை நனைச்சிருச்சு. இனிமே என்ன பேச்சு பாண்டி? தட்டு மாத்த நாளப் பாப்பம். யாரு அங்க, அந்தக் காலண்டர எடுங்க!"

அவர்கள் பக்கம் ஒரே சிரிப்பு. எங்கள் பக்கம் ஒருவரும் சிரிக்கவில்லை. சின்னம்மா பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவரிடம் முணுமுணுத்தார். "சம்மதம் பேசி முடிக்காம மாப்பிள்ளை வீட்டுல யாராச்சும் கை நனைப்பாகளா? நனைச்சாச் சரின்னுதான அர்த்தம். இது தெரியாத முண்டத்தக் கூட்டியாந்தான் பாரு."

வடை கையிலேயே நின்றது. எனக்குத் தமிழ் தெரியும். சின்னம்மா சொன்ன ஒவ்வொரு சொல்லும் தெரியும். இது மட்டும் தெரியாது. செயலி எங்கே உளறும் என்று பிடிக்க வந்தவள், அதைவிடப் பெரிதாக உளறி வைத்திருந்தேன்.

தாய்மாமன் விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் அந்த விளையாட்டை யாரும் மறுக்க முடியாது என்பதும் அந்த மாமனுக்குத் தெரிந்திருந்தது. பாண்டி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். வாயைத் திறந்தார், மூடினார். சின்னம்மா அவர் முழங்கையை இடித்தார். "வந்து... அத்தை..." என்றார் பாண்டி. "சொல்லுங்க தம்பி" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. பாண்டி மின்விசிறியைப் பார்த்தார். அவர்கள் வீட்டு வடையைத் தின்றுவிட்டு உட்கார்ந்து நிபந்தனை போடுவது எப்படி? தங்கச்சி சொன்னபடியே வாய் ஒட்டிக்கொண்டது. காலண்டர் வந்துவிட்டது. மாமன் எச்சிலைத் தொட்டுத் தாள்களைப் புரட்ட ஆரம்பித்தார்.

என் கால் ஆடியதில் நாற்காலியே கிறீச்சிட்டது. டயருக்குப் பக்கத்தில் நின்ற தனத்தின் முகம் கண் முன்னால் வந்தது. நிறுவனமாவது, நிபந்தனையாவது!

"அம்மா, ஒரு நிமிஷம்" என்றேன். அப்பாவின் லாரி கொட்டகைத் தமிழ்தான் வந்தது. "தின்னது நான். எனக்கு இந்த ஊரு வழக்கம் தெரியாது. நான் இவங்களுக்குச் சொந்தமும் இல்ல, பந்தமும் இல்ல. என் கை நனைஞ்சத நீங்க கணக்குல எடுக்காதீங்க. பாண்டி உங்ககிட்ட ஒரு விஷயம் கேக்கணும்னுதான் வந்தாரு. தனத்தோட வேலை விஷயம். தயவு செஞ்சு அவரக் கேக்க விடுங்க."

மாமன் காலண்டரைப் பிடித்தபடியே, "ஆத்தாடி, சீனாக்காரி தமிழ் பேசுது" என்றார். சின்னம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். பாண்டி என்னைப் பேயைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு எழுந்து நின்றார். எழுந்த பிறகு அவருக்கு வாய் வந்துவிட்டது.

"ஆமாத்தை. தங்கச்சி கல்யாணத்துக்குப் பொறவும் வேலைக்குப் போகும். அதுக்கு உங்களுக்குச் சம்மதமான்னு கேட்டுட்டு வரச் சொல்லுச்சு. நீங்க சரின்னா எங்களுக்குச் சந்தோசம்."

மாப்பிள்ளையின் அம்மா மெல்ல உட்கார்ந்தார். கெட்ட மனுஷி இல்லை. உண்மையைச் சொன்னார். "இம்புட்டு மாடு கெடக்கு தம்பி. ஒத்தையா நான் எம்புட்டுத்தான் பாக்குறது? வீட்டுக்கு ஒரு ஆளு வேணும்னுதான் இவனுக்குப் பொண்ணே தேடுறேன்."

எல்லோரும் மாப்பிள்ளையைப் பார்த்தோம். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இப்படியோ அப்படியோ, ஏதோ ஒன்று. அவர் கைப்பேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நாங்க வாரோம் அத்தை" என்றார் பாண்டி. கோபமில்லாமல் சொன்னார். எல்லோரும் எழுந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா வாசல் வரைக்கும் வந்து என்னிடம், "அந்த வடையையாச்சும் முழுசாத் தின்னுட்டுப் போயிருக்கலாம்ல" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

காரில் ஏறித் திரும்பினோம். மேலூர் தாண்டியதும் பாண்டி கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"அன்னைக்கு சப்பான்காரின்னு சொன்னது..."

"கேட்டுச்சு."

"கோவக்காரின்னு..."

"அதுவும்தான்."

"நேத்து டிராபிக்ல நிக்கிறப்ப எம் பொண்டாட்டிகிட்ட போன்ல பேசுனது?"

"எல்லாம் கேட்டுச்சு பாண்டி."

அவர் ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டார். சின்னம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "முண்டம்னு நான் சொன்னதும் கேட்டுச்சாத்தா?" என்றார். கேட்டது என்றேன். இன்னும் சிரித்தார்.

பாண்டிக்குச் சிரிப்பு வரவில்லை. ஒத்தக்கடை நெருங்கும்போது காரை ஓரங்கட்டினார். "ஒண்ணு சொல்றேன் மேடம், தப்பா நெனைக்காதீக. தமிழ் தெரியும்னு மொதல்லயே சொல்லிருந்தா, சாப்புடாதீகன்னு காதுல ஒரு வார்த்தை சொல்லிருப்பேன். அந்த மிசினக் கட்டிக்கிட்டு வாசல்ல நின்னு அசிங்கப்பட்டேன். நான் மெதுவாச் சொல்லச் சொல்ல அது கத்து கத்துங்குது."

இத்தனை நாள் பேசக் கூடாது என்று தவித்தவளுக்கு, பேசலாம் என்று ஆன பிறகு ஒரு சொல் கிடைக்கவில்லை.

தனம் வாசலிலேயே நின்றிருந்தாள். "மேடத்துக்கிட்டயே கேட்டுக்க. தமிழ்லயே கேளு" என்று சொல்லிவிட்டு பாண்டி உள்ளே போய்ப் படுத்துவிட்டார். நான் நடந்ததை எல்லாம் சொன்னேன். முதலில் அவள் கண் விரிந்தது. பிறகு டயர் மாற்றிய சாயங்காலத்தை நினைத்திருப்பாள் போல, முகம் சிவந்தது. வடையைச் சொன்னபோது சிரிக்கவில்லை. மாட்டைச் சொன்னபோது தலையை ஆட்டிக்கொண்டாள்.

"கடைசில கேட்டது யாரு? நீங்களா, அண்ணனா?"

"ஆரம்பிச்சது நான். கேட்டது அண்ணன்தான். எந்திரிச்சு நின்னு கேட்டாரு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கல்யாணம் தள்ளிப்போன துக்கமா, அண்ணன் வாய் திறந்த சந்தோஷமா தெரியவில்லை. இரண்டும் இருந்திருக்கும். "நாளைக்குக் காலை டூட்டி" என்றாள், தனக்கே சொல்வதுபோல. உள்ளே போய், ஒரு தட்டில் சோறும் கருவாட்டுக் குழம்பும் போட்டு என் முன்னால் வைத்தாள்.

நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். "தனம், கேட்டுடறேன். இங்க கை நனைக்கலாமா?"

"நனைங்க" என்றாள். "ஆனா நனைச்சிட்டா அப்பறம் எங்க ஆளு இல்லைன்னு சொல்ல முடியாது. யோசிச்சுக்கங்க."

யோசிக்கவில்லை. பசி, காரம், கண்ணீர் எல்லாம் சேர்ந்து மூக்கு ஒழுக ஒழுகத் தின்றேன். உள்ளே படுத்திருந்த பாண்டி எழுந்து வந்து, தனக்கும் ஒரு தட்டு எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார். எங்கள் பேச்சுச் சத்தத்தில் பைக்குள் கிடந்த செயலி விழித்துக்கொண்டது போலிருக்கிறது. "கேட்கவில்லை. சற்று சத்தமாகப் பேசவும்" என்றது.

"இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்து, தனம்!" என்றேன், தெருவுக்கே கேட்கும்படி.